பிளேஸ்டோவில் பரபக்கம்

மெய்யியல் படிக்கும் ஆசையோடு என் ஞாயிறு வகுப்புக்கு வருகிறவர்கள் குறைவு. ஏதோ ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறவர்களே அதிகம். கோயிலில் கேட்டால் நம்பிக்கை போய்விட்டதா என்பார்கள், வீட்டில் கேட்டால் உனக்கு வேறு வேலை இல்லையா என்பார்கள் என்று வருடக்கணக்காக உள்ளே வைத்திருந்த கேள்வி அது. அவர்கள் கேட்பதைக் காதுகொடுத்துக் கேட்டு, அது எந்த வகைக் கேள்வி என்று இனங்கண்டு சொல்வதுதான் என் தொழிலின் முதல் வேலை. "அக்கா, நீங்கள் கேட்பது ஒழுக்கவியல். இதை உங்களுக்கு முன்னமும் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள்" என்று சொன்னால் முகத்தில் ஓர் ஆறுதல் தெரியும். தனியாகக் கிடந்து குழம்பவில்லை என்ற ஆறுதல்.

வார நாட்களில் கிழக்கு லண்டன் கல்லூரி ஒன்றில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஏ லெவல் மெய்யியல் கற்பிக்கிறேன். ஏ.கியூ.ஏ. பரீட்சைச் சபையின் பாடத்திட்டம் அதை நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறது: அறிவாராய்ச்சியியல், ஒழுக்கவியல், கடவுள் பற்றிய பௌதிகவதீதம், மனம் பற்றிய பௌதிகவதீதம். மூன்று மணி நேர வினாத்தாள் இரண்டு. 3 புள்ளி, 5 புள்ளி, 12 புள்ளி, 25 புள்ளி என்று கேள்விகள் ஏறிக்கொண்டு போகும். பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு தேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளேஸ்டோவில், பார்க்கிங் வீதிக்கு அண்மையில் ஒரு சமூக மண்டபத்தில், தமிழ்ப் பெரியவர்களுக்கு அதே பாடத்தை நடத்துகிறேன். அங்கே புள்ளி இல்லை. கேள்வி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவே போகிறோம்.

ஆனால் ஒரு சட்டம் இருக்கிறது. அதை அருணந்தி சிவாசாரியாரிடமிருந்து எடுத்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் எழுதிய சிவஞான சித்தியாருக்குப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பாகம். தன் சித்தாந்தத்தைச் சொல்வது சுபக்கம். அதற்கு முன்னால் பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கி பௌத்தர், சமணர், மீமாம்சகர், மாயாவாதி, சாங்கியர், பாஞ்சராத்திரி என்று பதினான்கு தரப்பை வரிசையாக எடுத்து, ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் அவர் வாயால் சொல்வதுபோலவே சொல்லி, பிறகுதான் மறுக்கிறார். என் வகுப்பிலும் அதுதான் முறை. ஒருவர் சொன்னதை மறுக்க விரும்புகிறவர், முதலில் அவருடைய நியாயத்தைத் தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஓம், அதுதான் நான் சொல்ல வந்தது" என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்புக்கு இடம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மெய்யியலில் பாதி வந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்றப் பாதி வாசிப்பு.

இலங்கையில் உயர்தரம் படித்தவர்களுக்கு இந்தப் பாடத்தின் ஒரு கிளை ஏற்கெனவே பழக்கம். 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' அங்கே கலைப்பிரிவில் ஒரு பாடம். யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டில்களில் எத்தனையோ பேர் அதை நெட்டுருப் போட்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் இந்தத் துறைக்குள் வந்தேன். எடுகூற்றுகளிலிருந்து முடிவு பெறப்படுகிறதா என்று பார்ப்பதே அளவையியலின் வேலை. எடுகூற்றுகள் உண்மையா என்பது வேறு கேள்வி. இந்த வேறுபாட்டைப் புதியவர்களுக்கு விளக்க எங்கள் ரயில் பாதையே போதும். வெஸ்ட்ஹாம் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடினால் அப்டன் பார்க் நிலையத்தில் சனம் நெரியும். இன்று அணி சொந்த மைதானத்தில் ஆடுகிறது. ஆகவே இன்று அப்டன் பார்க்கில் சனம் நெரியும். வாதம் வலிதானது, குறை சொல்ல முடியாது. ஆனால் 2016-இல் அணி ஸ்ட்ராட்போர்ட்டுக்கு மாறிவிட்டது. அதோடு முதல் எடுகூற்று பொய்யாகிவிட்டது. இனி மறுபக்கம். அணி பழைய இடத்தில் இருந்த காலத்தில் ஒருவர், "நிலையத்தில் சனம் நெரிகிறது, ஆகவே இன்று ஆட்டம்" என்று சொல்லியிருந்தால் அவர் சொன்ன முடிவு பலநாள் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனாலும் வாதம் வலிதற்றது. கடைத்தெருவில் பெருநாள் கூட்டமாகவும் இருக்கலாம். உண்மையான முடிவு கிடைத்துவிட்டால் வாதமும் சரிதான் என்று மனம் சொல்லும். அந்த இடத்தில் மனத்தைப் பிடித்து நிறுத்தப் பழக்குவதற்கே அளவையியல்.

அடுத்த கிளைக்கு வகுப்பைக் கொண்டுபோனவர், குடிவரவு வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் ஓர் அக்கா. அவர் கேட்டது இதுதான்: "ரீச்சர், ஒராள் பயப்பிடுறார் எண்டு மற்ற ஆளுக்கு எப்பிடித் தெரியும்? அந்தப் பயம் நியாயமான பயமோ எண்டு ஆர் சொல்லுறது?" எங்கள் சனத்துக்கு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி இல்லை. பிரித்தானியச் சட்டத்தில் அதற்கு விடை எழுதப்பட்டதே தமிழர்களின் வழக்கில்தான். சிவகுமாரனும் வேறு ஐந்து தமிழரும் தொடர்ந்த அகதி வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. அகதி உடன்படிக்கை சொல்லும் 'நன்கு ஆதாரமுள்ள அச்சம்' என்பதை அச்சப்படுகிறவரின் நிலையில் நின்று அளப்பதா, வெளியே உள்ள நிலைமையை வைத்து அளப்பதா என்பதே அங்கே எழுந்த கேள்வி. மேன்முறையீட்டு நீதிமன்றம் அச்சப்படுகிறவரின் பக்கம் சாய்ந்தது. பிரபுக்கள் சபை 1987 டிசெம்பரில் அதை மாற்றியது: அச்சம் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது; திருப்பி அனுப்பினால் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு சாத்தியம் இருப்பதாக உண்மை நிலைமை காட்ட வேண்டும் என்றது. இன்றும் அந்த வழக்கு மேற்கோள் காட்டப்படுகிறது.

கதை அதோடு முடியவில்லை. அவர்களில் ஐவர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே தாங்கள் துன்புறுத்தப்பட்டதாகச் சிலர் சொன்னார்கள். 1989-இல் மேன்முறையீட்டில் அவர்கள் வென்று பிரித்தானியாவுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலோ, வில்வராஜா வழக்கு என்று பெயர்பெற்ற அந்த வழக்கில், 1991-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அனுப்பிய நேரத்தில் அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்ததையும் தெரிந்திருக்க வேண்டியதையும் வைத்தே முதன்மையாக அளக்க வேண்டும், பின்னால் நடந்ததை வைத்து அல்ல என்பது நீதிமன்றத்தின் அணுகுமுறை.

அறிவாராய்ச்சியியலின் நடுமையக் கேள்வி இதற்குள் முழுதாக இருக்கிறது. ஒரு நம்பிக்கைக்குத் தகுந்த நியாயம் இருந்தும் அது பொய்யாகலாமா? நியாயமே இல்லாமல் அது மெய்யாகலாமா? மெய்யாகவும் நியாயத்தோடும் இருந்தாலாவது அதை அறிவு என்று சொல்லிவிடலாமா? பிளேட்டோவின் தியேட்டிட்டஸ் உரையாடல் இதைத் தொட்டுவிட்டு முடிவு சொல்லாமல் விடுகிறது. 1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் மூன்றே பக்கக் கட்டுரை ஒன்றில், நியாயமும் மெய்ம்மையும் சேர்ந்தாலும் அறிவு ஆகாத இடம் உண்டு என்று எடுத்துக்காட்டுகளால் காட்டினார். என் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பரீட்சைக்காகக் கட்டாயம் படிக்கிறார்கள். ஞாயிறு வகுப்பில் நான் அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டு முந்திய தர்மோத்தரர் என்ற பௌத்த அளவையாளரிடமிருந்து தொடங்குவேன். அவர் தரும் எடுத்துக்காட்டு: இறைச்சி வாட்ட நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இன்னும் புகை எழவில்லை. இறைச்சி வாடைக்குப் பூச்சிகள் கரும்படலமாகத் திரண்டு பறக்கின்றன. தூரத்தில் நிற்பவன் அதைப் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறான். நெருப்பு இருக்கிறது. அவன் எண்ணம் மெய். ஆனால் அவனுக்குத் தெரியும் என்று சொல்ல முடியுமா?

அக்கா அன்று இன்னொன்றையும் கேட்டார். விண்ணப்பத்தில் சொன்ன தாய் உண்மையில் தாயா என்று விசாரணைகளில் கேட்பார்களாம். அப்போதுதான் மணிமேகலையின் 27-ஆம் காதையை வகுப்பில் பிரித்தேன். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப்போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் கண்டது மட்டுமே அறிவு, அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்கிறான் பூதவாதி. எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு மட்டும் வந்தவள் அவனிடம் சிரித்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தை யார் என்பதையே அனுமானத்தால்தானே அறிந்திருக்கிறாய்? 1984-இல் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த மரபணுக் கைரேகை முறை, கானா நாட்டுக் குடும்பம் ஒன்றின் குடிவரவு வழக்கில், பையன் தாயின் பிள்ளைதான் என்று நிறுவப் பயன்பட்டது. அந்த ஆய்வுகூடச் சான்றும் அனுமானமே. மிக வலிமையான அனுமானம். மணிமேகலை சொன்னது பிளேஸ்டோவில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு அன்றாட வேலையாக இருக்கிறது.

பௌதிகவதீதம் என்றதும் சிலர் பேய் பிசாசு என்று எண்ணிக்கொள்கிறார்கள். உலகில் அடிப்படையில் உள்ளவை எவை, அவை எத்தனை வகை, ஒன்று மாறியும் அதே ஒன்றாக இருப்பது எப்படி என்று கேட்பது அது. அதே காதையில் வைசேடிகவாதி வந்து, உள்ளவற்றைப் பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என்று ஆறாகப் பிரித்துச் சொல்கிறான். வகைகள் கண்டெடுத்தவையா, கட்டியவையா என்று பிள்ளைகளிடம் கேட்க எனக்கு ஓர் உள்ளூர்க்காரர் கிடைத்திருக்கிறார். லூக் ஹோவர்ட் என்ற மருந்து வேதியியலாளர் பிளேஸ்டோவில் குடியிருந்து ஆய்வுகூடம் நடத்தியவர். லண்டனில் ஆஸ்கீசியன் சங்கம் என்றொரு சிறு குழு இருந்தது. உறுப்பினர்கள் முறைவைத்துக் கட்டுரை வாசிக்க வேண்டும், தவறினால் தண்டம். அங்கே 1802 டிசெம்பரில் அவர் முகில்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அதுவரை பிடியில் அகப்படாதவை என்று விட்டிருந்த முகில்களுக்குக் கியூமுலஸ், ஸ்ட்ராட்டஸ், சிர்ரஸ் என்று அவர் கொடுத்த பெயர்களைத்தான் இன்றும் வானிலை அறிக்கையில் கேட்கிறோம். அந்த வகைகள் வானத்தில் முன்னமே இருந்தனவா, ஹோவர்ட் போட்ட கோடுகளா? கல்லூரியில் மழைநாளில் இந்தக் கேள்வியைக் கொடுத்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்வேன். இரண்டு வகைக்கு நடுவிலுள்ள முகில் ஒன்று கட்டாயம் போகும். அதைக் கண்டதும் வகுப்பு இரண்டாகப் பிரியும்.

ஆள் மாறியும் அதே ஆளா என்ற கேள்வியைக் கொண்டுவந்தவர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் ஒரு தம்பி. அவர் பார்க்கும் முதியவர் ஒருவருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. மகள் வருவாள், மருந்துக் குறிப்பைப் பார்ப்பாள், தகப்பனோடு பேசாமல் போய்விடுவாள். நாற்பது வருடத்துக்கு முந்தி அவர் குடும்பத்துக்குச் செய்த ஏதோ ஒன்று காரணமாம். "அவருக்கு அது துப்பரவா நினைவில்லை ரீச்சர். பிறகு ஆரைக் கோபிக்கிறா அவ?" என்று கேட்டார்.

ஜோன் லொக் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர். மனித அறிவு பற்றிய தன் பெருநூலின் இரண்டாம் பதிப்பில், 1694-இல், ஆள் ஒருமைப்பாடு பற்றிய அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்தார். அப்போது அவர் வசித்தது எசெக்ஸ் மாவட்டத்தில், ஹை லேவர் என்ற ஊரில்; கல்லறையும் அங்கேதான். பிளேஸ்டோவும் அந்தக் காலத்தில் எசெக்ஸில் சேர்ந்த கிராமம். ஒருவனுடைய உணர்வு பின்னோக்கி எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரமே அவன் அதே ஆள் என்பது லொக்கின் கொள்கை. அந்த முதியவர் அன்று பிழை செய்தவர் அல்லர் என்று இதிலிருந்து வந்துவிடும். தம்பிக்கு அது நிம்மதியாக இருந்தது. ஆனால் பரபக்கச் சட்டப்படி மகளின் பக்கத்தை எடுத்தவர் விடவில்லை. "அப்ப அவர் ஆரின்ர தகப்பன்? மகள் ஆருக்கு மருந்து பாக்க வாறா?" லொக்கின்படி மறந்தவர் பிழை செய்தவர் இல்லை என்றால், அதே கணக்கில் அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவரும் இல்லை. அவள் வருவதற்கே காரணம் இல்லாமல் போய்விடும். 1785-இல் தோமஸ் ரீட் வேறொரு மறுப்பை வைத்தார். பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்கிய சிறுவன் வளர்ந்து, போரில் கொடியைக் கைப்பற்றிய வீரனாகி, பிறகு தளபதியாகிறான். வீரனுக்கு அடி நினைவிருந்தது; தளபதிக்கு வீரச்செயல் நினைவிருக்கிறது, அடி நினைவில்லை. அப்படியானால் தளபதி வீரனே, வீரன் சிறுவனே, ஆனால் தளபதி சிறுவன் இல்லை என்றாகிறது. இப்படி இருக்க முடியாது. நினைவை மட்டும் நம்பி ஆளைக் கட்ட முடியாது என்று நான் நினைக்கிறேன். உயிர் என்று நிலையான ஒன்று உண்டு என்னும் சித்தாந்தியும், நிலைத்தது எதுவும் இல்லை, தொடர்ச்சியே உண்டு என்னும் பௌத்தரும் எங்கள் மொழியிலேயே இதைப் பற்றிப் பல நூற்றாண்டு வாதாடியிருக்கிறார்கள். ஞாயிறு வகுப்பில் அந்த வாதத்தை எடுத்தால் நேரம் போவதே தெரியாது.

ஒழுக்கவியலுக்கு வகுப்பில் பெரும்பாலும் வெளியூர் கிளம்புவோம். பிளேஸ்டோ நிலையத்தில் ஹம்மர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயில் ஏறினால் மாறாமல் யூஸ்டன் ஸ்குவேர் போய் இறங்கலாம். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் யுனிவர்சிட்டி கொலிஜ் லண்டன். 1832-இல் இறந்த ஜெரமி பெந்தம் அங்கே கண்ணாடிப் பேழைக்குள் உட்கார்ந்திருக்கிறார்: உள்ளே அவருடைய எலும்புக்கூடு, மேலே அவருடைய உடை, தலைக்கு மெழுகு. தன் உடலை மருத்துவர்கள் அறுத்துப் பார்க்க வேண்டும், பிறகு இப்படி வைக்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்தார். செத்த உடம்பாலும் எத்தனை பேருக்குப் பயன் என்று கணக்குப் பார்த்த மனிதர். செயலின் நன்மை தீமை அதனால் விளையும் இன்ப துன்பத்தின் மொத்தக் கணக்கிலே என்ற அவருடைய கொள்கையைப் புத்தகத்தில் விளக்கி மாய்வதைவிட, அந்தப் பேழைக்கு முன்னால் நிறுத்தினால் விளங்கிவிடும். திருமணத்துக்கு நாள் பார்க்கும் எங்கள் ஆட்கள் அங்கே நின்று கண்தானத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

எதிர்ப்பக்கத்தில் கான்ட். பொய் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் இல்லை என்று 1797-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையில் வாதாடுகிறார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது விசித்திரமான கற்பனை. ஞாயிறு வகுப்பில் யாருக்கும் அது கற்பனையாகத் தோன்றவில்லை. சுற்றிவளைப்பு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அவர்கள். வள்ளுவரின் 292-ஆம் குறளை ஒருவர் உடனே எடுத்து வைத்தார்: குற்றமற்ற நன்மை விளையுமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும். வகுப்பு முழுக்க வள்ளுவர் பக்கம். கான்டின் பக்கத்தை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அப்போது ஒரு மூத்த அக்கா, அதுவரை அதிகம் பேசாதவர், சொன்னார்:

"என்ர வீட்டையும் வந்தவங்கள். பெடியன் பின்னுக்கு நிண்டவன். இஞ்ச இல்லை எண்டு சொன்னன். அவங்கள் திரும்பிப் பக்கத்து வீட்டை போய் அங்க இருந்த பெடியனைக் கொண்டு போயிட்டாங்கள். நான் பொய் சொன்னது பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா அந்தப் பெடியனுக்கு ஆர் பொறுப்பு எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

அவர் கான்டை வாசித்தவர் இல்லை. ஆனால் கான்டின் கட்டுரையில் மையமான இடம் அதுதான். நீ பொய் சொன்ன நேரத்தில் நண்பன் பின்வாசலால் வெளியேறியிருந்து, உன் பேச்சை நம்பிப் போன கொலைகாரன் தெருவில் அவனைப் பிடித்துவிட்டால், விளைந்ததில் உனக்கும் பொறுப்பு வரும். உண்மையைச் சொன்னவனுக்கு அந்தப் பொறுப்பு வராது என்கிறார். நான் கான்டை ஏற்கவில்லை. கதவைத் தட்டினவனின் குற்றத்தைக் கதவைத் திறந்தவள் தலையில் ஏற்றுவது நியாயம் இல்லை என்பது என் துணிபு. அதை அக்காவிடம் வகுப்பிலேயே சொன்னேன். ஆனால் பரபக்கத்தை அவ்வளவு பலமாக யாரும் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. வள்ளுவரின் 'குற்றமற்ற' என்ற நிபந்தனையை அதற்குப் பிறகே வகுப்பு நிதானமாக வாசித்தது. நன்மை யாருக்கு, எதுவரை எட்டிப் பார்த்துக் குற்றமற்றது என்று முடிவு கட்டுவது? பெந்தமின் கணக்கும் அதே இடத்தில் வந்து முட்டும்.

அரசியல் மெய்யியலையும் அழகியலையும் நான் ஒரே தெருவில் வைத்து நடத்துவேன். பிளேஸ்டோவின் பாலம் தெருவில், 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எட்மண்ட் பர்க் குடியிருந்ததாக உள்ளூர் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1757-இல் அவர் வெளியிட்ட அழகியல் நூல், அழகானது வேறு, பிரமிக்க வைப்பது வேறு என்று பிரித்தது. பிரமிப்பின் வேர் பயம். ஆபத்து எம்மைத் தொடாத தூரத்தில் இருக்கும்போது பயமே ஒருவகை இன்பமாகிறது என்றார். கடற்கோளைக் கரையில் நின்று கண்டவர்களும், திரையில் மட்டும் கண்டவர்களும் ஒரே வகுப்பில் இருக்கும்போது இதைப் பேசினால், தூரம் என்ற நிபந்தனையின் கனம் தெரியவரும். இருபத்தெட்டு வருடம் கழித்து, 1785 பெப்ரவரியில், அதே பர்க் பாராளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றிப் பேசினார். ஹைதர் அலியின் படையெடுப்பால், அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழ்ப் பிரதேசம் எரிந்து பாழானதை, கேட்போர் நடுங்கும்படி வர்ணித்தார். அந்த அழிவின் வேரில் நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்த கிழக்கிந்தியக் கம்பனி ஆட்களின் பேராசை இருப்பதாகச் சாடினார். அந்த நாட்டு ஏரிகளைப் பற்றியும், அவற்றை வெட்டிய அரசர்கள் தங்களுக்குப் பின் வரும் சந்ததியை நினைத்ததைப் பற்றியும் அதே பேச்சில் பேசியிருக்கிறார். ஆட்சி என்பது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, ஆளப்படுகிறவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியது என்பது அவர் இந்தியாவைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது. 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியை அவர் எதிர்த்து எழுதியதற்கு மேரி வொல்ஸ்டன்கிராஃப்ட் அதே வருடம் பதில் எழுதினார். அந்தச் சண்டையில் நான் வொல்ஸ்டன்கிராஃப்ட் பக்கம். ஆனால் தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றி வெஸ்ட்மின்ஸ்டரில் பேசியவர் எங்கள் தெருக்காரர் என்று சொன்னால், அரசியல் மெய்யியலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று இருக்கிறவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதை வாசிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் பிரையன் மாகியைச் சொல்வேன். கிழக்கு லண்டன் ஹொக்ஸ்டனில் கடைக்காரர் வீட்டில் பிறந்து, லெய்டன் தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர்; 1978-இலும் 1987-இலும் பிபிசியில் அவர் மெய்யியலாளர்களோடு நடத்திய உரையாடல்களை இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். எதிரே இருப்பவர் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று சரிபார்த்துவிட்டே அடுத்த கேள்வியைப் போடுவார். பிறகு பெர்ட்ரண்ட் ரசல் 1912-இல் எழுதிய 'மெய்யியலின் பிரச்சினைகள்'. தமிழில் சித்தியார் பரபக்கத்தை நல்ல உரையோடு படிக்கச் சொல்வேன். சைவர் அல்லாதவர்களுக்கும் சொல்வேன்.

கடவுள் பற்றிய பகுதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். முதலில் எடுத்தால் வகுப்பு கோயிலாகவோ பட்டிமன்றமாகவோ ஆகிவிடும். இந்தப் பருவத்தில் அதற்குப் பதிலாக மணிமேகலையின் 27-ஆம் காதையை முழுதாக எடுத்து, ஒவ்வொருவரும் ஒரு வாதியின் பக்கத்தில் நின்று பேசப் போகிறோம். மேனர் பார்க் முருகன் கோயிலுக்குத் தவறாமல் போகும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயா ஒருவர் பூதவாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மணிமேகலை கேட்ட கேள்விக்குப் பூதவாதி வாய் திறக்காமல் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "அவன்ர பக்கத்தில வேற நியாயம் ஒண்டும் இல்லையோ ரீச்சர்?" என்றார். உண்டு என்றேன். புகை கண்ட இடமெல்லாம் நெருப்பு இருந்ததை நீ கண்டிருக்கலாம். காணாத இடத்திலும் காணப்போகும் நாளிலும் அப்படியே இருக்கும் என்பதை எப்படிக் கண்டாய் என்று உலகாயதர் கேட்டார்கள். அதை அனுமானத்தால் அறிந்தேன் என்றால், அனுமானத்தை நிறுவ அனுமானத்தையே சாட்சிக்கு அழைத்ததாகும். டேவிட் ஹியூம் 1748-இல் மனித அறிவு பற்றி வெளியிட்ட நூலின் நான்காம் பகுதியில் அதே முடிச்சைப் போட்டார். அதை முழுதாக அவிழ்த்துவிட்டதாக எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் இல்லை. அந்தப் பகுதியைத் தமிழில் சுருக்கிப் பிரதி எடுத்து ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். மணிமேகலையின் பக்கம் மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்கு. அவரும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.